மாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம்

மாடியில் ஸ்பீக்கரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் கையிலிருந்த போனோ, 'அருகில் கருவிகள் எதுவும் இல்லை' என்று பத்தாவது தடவையாகச் சாதித்தது. மாலை மழையில் ஈரம் ஏறிய சுவரின் வாடையும், படிக்கட்டுக்குக் கீழே சூடேறிக் கிடந்த ரவுட்டரின் பிளாஸ்டிக் வாடையும், மூடிய கதவைத் தாண்டி இறங்கி வந்த நாலு வயது மகளின் கம்மிப்போன அழுகையுமாக வீடு அவனை நெரித்தது. மனைவியைப் புதைத்து ஒன்பது நாள். அவள் பாடிப் பதிவுசெய்த ஒரே பாட்டு அந்த ஸ்பீக்கருக்குள் இருக்கிறது. அது இல்லாமல் குழந்தை கண்ணை மூடமாட்டாள். மாடிக்கு வைஃபை கொண்டுபோகும் பெட்டி இடியில் கருகி, புதியதை மாட்டிய நாளிலிருந்து போனுக்கு ஸ்பீக்கர் தெரியவில்லை. மூன்று நாளாகக் குழந்தை தூங்கவில்லை. இன்றும் தூங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

நெட்வொர்க் வேலை பார்க்கும் மனைவியின் தம்பிக்குப் போன் போட்டான்.

“பதறாதீங்க மாமா. உங்க போன், யாரெல்லாம் இருக்கீங்கன்னு பொதுவா ஒரு குரல் குடுக்கும். இருக்கிறவங்க பதில் சொல்லணும். புதுப் பெட்டி அந்தக் குரல அந்தப் பக்கம் விடல, அவ்வளவுதான். செட்டிங்ஸ்ல 'தேடல் அழைப்பை அனுப்பு'ன்னு இருக்கும், டிக் பண்ணுங்க.”

டிக் செய்தான். வட்டம் சுற்றியது.

ஸ்பீக்கர். அப்பாடா என்றிருந்தது. அடுத்து மேசை விளக்கு. அடுத்து, அவளுடைய கைக்கடிகாரம்.

வீங்கிய மணிக்கட்டிலிருந்து கழற்ற முடியாமல் அவளோடே மண்ணுக்குள் போன கடிகாரம்.

“மச்சான், அவ வாட்ச் காட்டுது.”

“பழைய பதிவா இருக்கும் மாமா.”

அதைத் தொட்டான். நாடித் துடிப்பு: 0. நடந்த அடிகள்: 41,206.

41,207.

“இல்லடா. நடக்குது.”

“அந்த டிக்க எடுங்க மாமா. உடனே எடுங்க.”

எடுத்தான். ஸ்பீக்கர் மறைந்தது. விளக்கு மறைந்தது. கடிகாரம் மறையவில்லை. அப்படியென்றால் அது மாடிப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம். கீழே. அவனோடு.

நனைந்த மண் வாடை.

முதல் படி முனகியது. 41,219. இரண்டாவது படி. 41,220. மூன்றாவது. நான்காவது.

மேலே கதவு திறந்தது. அழுகை நின்றது.

ஓடினான்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆழ்ந்த தூக்கம். தலை மெத்தைக்கு ஒரு சாண் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் சாய்ந்திருந்தது. முதுகில் சட்டை, யாரோ தட்டிக்கொடுப்பதுபோல் அமுங்கி அமுங்கி எழுந்தது.

“இவள எங்கிட்ட விட்டுடும்மா,” என்றான். “உன்னக் கெஞ்சிக் கேக்குறேன். இவ மட்டும்தான் எனக்கு.”

தட்டுவது நின்றது.

போனில் எண் மறுபடி ஓடத் தொடங்கியது. குழந்தையின் உடல் மெல்ல எழுந்து, தோளில் போட்டுக்கொள்ளும் உயரத்துக்கு வந்து, அவனைக் கடந்து, படிகளை நோக்கி நகர்ந்தது. பின்னால் தொங்கிய சின்னக் கை, காற்றில் எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.