வாய் கேட்ட குரல்

லண்டன் பிளேஸ்டோவில் அந்தப் பழைய சினிமாத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். மார்கழி மாதம், பின்னேரமே நன்றாக இருட்டிவிட்டது. யோகமலர் ரோல்ஸ் பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு கதவைத் தோளால் தள்ளினாள். உள்ளே ஈரக் கம்பள நாற்றம். அந்த இருட்டுக்குள்ளிருந்து அவளுடைய குரலே பாடிக்கொண்டு வந்தது.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. குளியலறையில் பாடிப் பாடிப் பழகிய பாட்டு. கணவன் ஸ்ரீதரன் பதிவு செய்தது. இன்றைக்கு சீடி வெளியீடு. "நீ ஆரெண்டு லண்டனுக்கே காட்டிறன்" என்று சொல்லியிருந்தான்.

மேடையைப் பார்த்தாள்.

அறிவிப்புச் செய்யவென்று ஸ்ரீதரன் கூட்டிவந்திருந்த இளம்பெண் பியற்றிஸ், பட்டுச்சேலையோடு நின்றாள். யோகமலரின் குரலுக்கு அவள் வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் திரையில், தியேட்டரின் மேலறையில் கண்டெடுத்த பழைய ஜெர்மன் படம் சத்தமில்லாமல் ஓடியது. கறுப்பு வெள்ளை. படகில் ஒரு கடைக்காரப் பெண், பணக்காரப் பையனைப் பார்த்துப் பாடிச் சிரிக்கிறாள். அழகுக்காக ஸ்ரீதரன் ஓடவிட்டிருந்தான்.

"இதென்னப்பா?" என்று மேடையடியில் நின்ற ஸ்ரீதரனைக் கேட்டாள்.

"கத்தாதை. குரல் உன்ரதானே, ஆர் இல்லையெண்டது? மேடைக்கு ஒரு முகம் வேணும்."

"என்ர பேர்?"

"பேரும் முகத்துக்குத்தான். உந்தப் படத்திலயும் பாடினவள் வேற ஆளாம். ஆர் கவலைப்பட்டது?"

பியற்றிஸ் எட்டிப் பார்த்தாள். "அக்கா, ரோல்ஸ் சூடோ?"

பாட்டை நிறுத்தி, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்ரீதரனும் பியற்றிஸும் சீடிப் பெட்டிகள் எடுக்க வெளியே நின்ற வான் வண்டிக்குப் போனார்கள்.

படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

படகுக்காரி பாடத் தொடங்கினாள். சத்தமாக.

யோகமலர் ஸ்பீக்கரைப் பார்த்தாள். வயர் நிலத்தில் கிடந்தது.

வாயும் பாட்டும் ஒட்டவில்லை. உதடுகள் மூடிய பிறகும் பாட்டு வந்தது. திரையிலிருந்து அல்ல, பின்வரிசையிலிருந்து. பிறகு அடுத்த வரிசையிலிருந்து. பிறகு கிட்ட.

நின்றது.

கழுத்தடியில் ஜெர்மனில் ஒரு கிசுகிசுப்பு. "அது என் வாய் இல்லை. என் பெயரும் இல்லை. பாட எனக்கு ஒரு வாய் தருவாயா?"

பாவம், இவளுக்கும் என் கதைதான் என்று நினைத்தாள். முன்பு ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருந்த காலம் முழுக்க, ஜெர்மன்காரர் எது கேட்டாலும் முழுதாக விளங்குமுன்னமே தலையாட்டிப் பழகியவள் அவள்.

"யா," என்று ஜெர்மனிலேயே ஓமென்றாள்.

தொண்டைக்குள் ஏதோ குளிராக இறங்கியது.

மண்டபம் நிறைந்தது. வயரைத் திரும்ப மாட்ட, பாட்டுத் தொடங்கியது, பியற்றிஸ் வாயசைத்தாள். யோகமலர் பின்வரிசையில் எழும்பினாள். கூடப் பாடினால் போதும், குரல் யாருடையது என்று எல்லாருக்கும் விளங்கிவிடும்.

வாயைத் திறந்தாள்.

வந்தது படகுக்காரியின் பாட்டு. ஜெர்மனில். குலுங்கக் குலுங்கச் சிரிப்போடு.

சனம் திரும்பிப் பார்த்தது. ஸ்ரீதரன் மைக்கைப் பிடித்தான். "என்ர மனுசி ஜெர்மனிக்காரி, குறை நினைக்காதையுங்கோ!" மண்டபமே சிரித்தது. அவளால் வாயை மூட முடியவில்லை. கண்ணீர் வழிய வழிய, சிரித்துச் சிரித்துப் பாடினாள்.

கைதட்டல் பியற்றிஸுக்குப் போனது.

வீட்டில் ஸ்ரீதரன் கேத்திலைக் கையில் எடுத்தான். "இன்னும் கோவமோ? தேத்தண்ணி போடட்டோ?"

யோகமலரின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. உதடுகள் மூடின. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"யா," என்று அவளுடைய குரலில் பதில் வந்தது.

அவனுக்குப் பின்னாலிருந்து.