பேணி மூடிய விளக்குகள்

புதிதாகப் பரப்பிய மணலில், எலுமிச்சை மரத்தடி விளக்கைச் சுற்றி மட்டும் ஈரம் இருந்தது. பஞ்சலிங்கம் ஒரு சிட்டிகை அள்ளி முகர்ந்தான். மண்ணெண்ணெய் இல்லை. கடல் மணம். மீன் கழுவிய தண்ணீரை அம்மா இங்கே ஊற்றியிருப்பாள் என்று முடிவு கட்டினான். இந்த வீட்டில் எவருக்கும் ஒரு வேலை ஒழுங்காய் வராது.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். அவன் போகும் மாலை வகுப்போ மின்சார வேலை பற்றியது. கரண்ட் இல்லாத ஊரில் கரண்ட் படிக்கிறான் என்று ஒழுங்கைச் சனமே சிரித்தது. சிரித்தவர்களின் முற்றங்களைப் பார்த்தால் அவனுக்குக் குமட்டும். காய்ந்த தென்னோலைக் கிடுகு வேலியோடு ஒட்டி ஜாம் போத்தல் விளக்கை வைப்பார்கள். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதும் விழுந்தடித்து ஓடி ஊதி அணைப்பார்கள். மந்தைகள்.

இன்று அக்கா குணலட்சுமியைப் பார்க்க வருகிறார்கள். கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து நல்லூரில் இருக்கும் குடும்பம். பகலில் குண்டு போடும் பொம்மர் சுற்றுவதால் இருட்டுப்படும் மம்மல் பொழுதில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முந்திய இரண்டு சம்பந்தமும் குழம்பிப்போயின. இதுவும் குழம்பினால் இனி எவர் முன்னும் வந்து நிற்கமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அதனால்தான் படலையிலிருந்து வாசல்வரை, வேலியிலிருந்து எட்டத் தள்ளி, கிணற்றடி வளைவு தெரிய, அவன் விளக்குகளை வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றின் மேலும் பால்மாத் தகரப் பேணியை வெட்டிக் கவிழ்த்திருந்தான். வெளிச்சம் நிலத்தில் மட்டும் விழும். ஆகாயத்துக்கு ஒரு பொட்டும் தெரியாது.

பக்கத்து வீட்டு இரத்தினம்மா மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“தம்பி, உது காலை மட்டுந்தான் காட்டுது. முகம் தெரியாமல் ஆரையெண்டு வாங்கோ எண்டுவாய்?”

“ஹெலிக்காரனுக்கு உங்கடை முகத்தைக் காட்டிப் பயப்படுத்தச் சொல்லுறியளோ, மாமி?”

மாமி சிரிக்கவில்லை. அவள் சொன்னது சரியோ என்று ஒரு கணம் தோன்றியது. அவள் வாயிலிருந்து வந்ததை எப்படி ஏற்பது?

இருள் கிணற்றுக்குள்ளிருந்து ஊறி எழுவதுபோல மெல்ல ஏறி, வாழைகளையும் எலுமிச்சையையும் விழுங்கி, பேணிகளுக்குக் கீழே மஞ்சள் வட்டங்களை மட்டும் மிச்சம் வைத்த நேரத்தில், படலை முனகித் திறந்தது. முதல் வட்டத்துக்குள் பாதங்கள் வந்தன. ஆண்களுடையவை, பெண்களுடையவை. ஒன்றிலும் செருப்பில்லை. பெண் பார்க்க வருகிற இலட்சணம் என்று அவன் மனதுக்குள் காறித் துப்பினான்.

“வாங்கோ, வாங்கோ. உள்ளை வாங்கோ.”

பாதங்கள் அவனைக் கடந்தன. மணல் நெரியும் சத்தமே கேட்கவில்லை. அழுகிய கடற்சாதாழையின் வீச்சம் மட்டும் மூக்கில் அடைத்தது. வாசற்படி ஏறின. உள்ளே போயின.

படலையில் சைக்கிள் மணி.

“தம்பி, நான் நமசிவாயம், நல்லூரிலையிருந்து வாறம். பிந்திப் போச்சு, குறை நினையாதையுங்கோ.” செருப்புகளைக் கழற்றும் சத்தம். “உள்ளை வேறை ஆக்களும் வந்திருக்கினமோ?”

பஞ்சலிங்கம் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

வீட்டுக்குள் அம்மாவின் பேச்சுக்குரல் நின்றிருந்தது. கோப்பைச் சத்தமும் இல்லை.

பாதங்கள் திரும்பி வந்தன. அதே மெல்லிய நடை. நடுவில் ஒரு சோடி புதிது. நகங்களில் மத்தியானம் பூசிய சிவப்புக் கியூட்டெக்ஸ்.

“அக்கா.”

நிற்கவில்லை.

எலுமிச்சையடி விளக்கை எட்டிப் பிடித்தான். பேணி சுட்டது. பிடுங்கி எறிந்தான். வெளிச்சம் மேலே பாய்ந்தது. எலுமிச்சை இலைகள் தெரிந்தன. முள் தெரிந்தது. கிணற்றுக் கப்பி தெரிந்தது.

கணுக்காலுக்கு மேலே எவரும் இல்லை.

சிவப்பு நகங்கள் மட்டும் மற்றவற்றோடு அடியெடுத்து வைத்து, நமசிவாயத்தாரின் கால்களுக்கிடையால் புகுந்து, படலையைத் தாண்டி நடந்தன.