கசிந்தது முப்பதாவது எபிசோடு!

பிணத்தின் பாக்கெட்டில் போன் அடித்தது.

கெய்ரோ. ஸ்டூடியோ நம்பர் நான்கு. மதியம் இரண்டு மணி. ரம்ஜான் மாதத்தின் இருபத்தாறாவது நாள்.

வெள்ளைத் துணிக்கு அடியில் பிணமாகக் கிடந்த நடிகர் ஷவ்கி எழுந்து உட்கார்ந்து போனை எடுத்தார். மறுமுனையில் மனைவி.

கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது.

"என்னைக் கொன்னது நீதிபதியாமே... பேஸ்புக்ல போட்டிருக்காங்களாம்."

செட்டில் எழுத்தாளரும் தயாரிப்பாளரும் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால்... அது உண்மை!

நோன்பு திறக்கும் இஃப்தார் முடிந்த கையோடு நாடே உட்கார்ந்து பார்க்கும் சீரியல். கொலைகாரன் யார் என்பது கடைசி எபிசோடில்தான் வரும். நடிகர்களுக்கே சொல்லவில்லை. எழுதிய வகீஹுக்குத் தெரியும். தயாரிப்பாளர் ஹாஜ் முந்தஸிருக்குத் தெரியும். அப்புறம்... ஆன்டிவைரஸ் சர்வருக்குத் தெரியும்!

வகீஹின் பென் டிரைவில் இல்லாத வைரஸ் கிடையாது. செருகியதும் ஆன்டிவைரஸ் கதை பைலையே சந்தேகப்பட்டு, இழுத்துக்கொண்டு போய்த் தன் சர்வரில் அடைத்துவிட்டது. அந்த சர்வரின் பாஸ்வேர்டு ஒரே ஆளிடம். ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நஷ்வா.

முந்தஸிர் இரண்டு காரியம் செய்தார். செட்டில் இருந்தவர்களின் போன்களைப் பிடுங்கி, அணைத்து, தக்காளிக் கூடையில் போட்டுப் பூட்டினார். போலீஸ் காட்சிகளுக்கு ஆலோசகராக இருபது நாளாய் அங்கேயே பழியாய்க் கிடந்த சைபர் போலீஸ் அதிகாரி தர்வத்தை நஷ்வாவின் அறைக்கு அனுப்பினார்.

"பாஸ்வேர்டு உன்கிட்ட மட்டும்தானே இருக்கு? அப்ப எடுத்தது யாரு, ஜின் பூதமா?"

"நான் எடுக்கல பாஷா." போலீஸ் அதிகாரியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு ஒலிப்பதற்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் பெருநாள் லாக்கப்பில்தான் என்றார் தர்வத். நஷ்வாவுக்கு லாக்கப்கூடப் பரவாயில்லை. திருட்டுப் பட்டம் விழுந்தால், இந்த ஊரில் எவனும் ஒரு மௌஸைக்கூட அவள் கையில் தரமாட்டான்.

அழ நேரமில்லை. யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவைத் திறந்தாள்.

நேற்று மாலை நாலு பத்து. யாரோ சர்வரின் முகவரியோடு சில புள்ளிகளும் சாய்கோடுகளும் சேர்த்துத் தட்டி, உள்ளே கிடந்த பைலைக் கேட்டிருக்கிறார்கள். சர்வர் பாஸ்வேர்டே கேட்காமல் தூக்கிக் கொடுத்திருக்கிறது! திருடனைப் பிடிக்க வைத்த வாட்ச்மேனே கதவைத் திறந்துவிட்டிருக்கிறான்.

அந்த ஓட்டையை அடைக்க மூன்று வாரத்துக்கு முன்பே மருந்து வந்துவிட்டது. போட்டால் சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். பகலில் எடிட் செய்வது அன்றைக்கே ஒளிபரப்பாகும் மாதம் இது. பெருநாள் வரை எதையும் அணைக்கக் கூடாதென்று அவளிடம் சத்தியமே வாங்கியிருந்தார் முந்தஸிர். அதை அவரிடமே நினைவூட்டினாள்.

சரி, கேட்டது யார்? ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களுக்கான வைஃபை வழியாகக் கேட்டிருக்கிறார்கள். அதில் அறுபது போன்கள்...

நஷ்வா யோசித்தாள். கண்ணில் ஒரு குறும்பு.

பத்து நிமிடம் தட்டி, சர்வரில் ஒரு புது பைலை வைத்தாள். பிறகு முந்தஸிர், வகீஹ், தர்வத் மூன்று பேரையும் கூப்பிட்டு, வகீஹ் முடிவை மாற்றிவிட்டார், அந்த பைலையும் ஆன்டிவைரஸ் பிடித்து அடைத்துவிட்டது என்று அலுத்துக்கொண்டாள். வகீஹ் திகைத்து வாயைத் திறக்கப் போக, மேஜைக்கடியில் அவர் காலை நறுக்கென்று மிதித்தாள்.

தர்வத் தொழுகைக்கு முகம், கை, கால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

ஆறாவது நிமிடம்... பதிவில் புது வரி! அதே புள்ளிகள். அதே வைஃபை.

தர்வத் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"ஹாஜ், செட்ல இருந்த போனெல்லாம் எங்கே?" என்றாள் நஷ்வா.

"கூடையில. சாவி என்கிட்ட."

"எல்லாமேவா?"

"பாஷாவோடது தவிர. போலீஸ்காரர்கிட்ட எப்படிம்மா பிடுங்..."

முந்தஸிர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து தர்வத்தின் போன் அடித்தது. பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுத் தொலைத்தது.

"மாப்ளே, என்ன கண்றாவி இது? நேத்து நீதிபதின்னே. இப்ப போலீஸ்காரன்தான் கொலைகாரன்னு அனுப்பியிருக்கே. குரூப்ல எண்பதாயிரம் பொம்பளைங்களுக்குச் சொல்லிட்டேனே, என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பேன்? இஃப்தாருக்கு வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

மாமியார்!

தர்வத் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். முடிவைச் சொல்லாவிட்டால் பெருநாளுக்கு வரும் மகளைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று அந்த அம்மாள் மிரட்டினாராம். ஓட்டை பற்றிய எச்சரிக்கை அவர் இலாகாவுக்கும் வந்ததாம். கை சும்மா இருக்கவில்லையாம்.

முந்தஸிர் நஷ்வாவிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டு முறை.

நஷ்வா பதிவை அச்செடுத்து தர்வத்தின் முன் வைத்தாள். இதை அவர் மேலதிகாரிக்குப் புகாராக அனுப்பவா, இல்லை அவரே இன்றைக்கு இஃப்தாருக்குப் போய், புது முடிவு நஷ்வா விட்ட டூப், நான் ஏமாந்துவிட்டேன் என்று மாமியாரிடம் நேரில் சொல்லிவிடுகிறாரா? அவரே முடிவு செய்யட்டும் என்றாள்.

தர்வத் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"கம்ப்ளெயின்ட் எழுதப் பேனா இருக்காம்மா... இல்ல, என்னோடதத் தரட்டா?"