பாலையடியின் ஆறாவது கரடி

வனத்தெரிவு நிலையத்துக்கு வரும் எல்லோரிடமும் தர்மினி முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "பாத்தாப் போதுமோ, தொடவும் வேணுமோ?"

பதிலைக் கேட்டதும் பாதி வேலை முடிந்துவிடும். பார்த்தால் போதும் என்பவர்களை நீலகந்த வனத்துக்கு அனுப்புவாள். அங்கே மலைச்சரிவில் நின்றபடி நானூறு மான்கள் ஒன்றாக ஓடுவதைப் பார்க்கலாம். தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆசைப்படும் வயதானவர்களுக்கு வெள்ளாறு. சிறுத்தையின் கழுத்தில் கைபோட்டுப் படம் எடுக்க வரும் புதுத் தம்பதிகளுக்கு முதலைக்கல். பிள்ளைகளோடு வருபவர்களுக்குப் பாலையடி. அங்கே கரடிகள் இருந்தன. ஆனி மாதத்தில் பாலைமரங்கள் பழுத்து நிற்க, அவற்றின் கீழே கரடிகள் மல்லாந்து படுத்திருக்கும். பிள்ளைகள் அவற்றின் வயிற்றில் ஏறி விளையாடலாம்.

இலங்கையின் பெரிய விலங்குகள் அநேகமாக எல்லாம் வறட்சியிலும் காய்ச்சலிலும் செத்து முப்பத்தொரு வருடம் ஆகியிருந்தது. இப்போது காடுகளில் திரிபவை மறுவுருக்கள். கடைசியாகப் பிடிபட்ட விலங்குகளின் நடையையும் குரலையும் பதிந்தெடுத்துச் செய்த இயந்திரங்கள். அவை தின்பதில்லை, கழிப்பதில்லை. பொழுது சாய்ந்ததும் தாமாகவே மின்கொட்டிலுக்குப் போய் வரிசையாக நின்றுகொள்ளும். ஒரு ஜீப் வந்தால் எல்லாம் ஒரே நொடியில் தலையைத் தூக்கிப் பார்க்கும். எந்த விலங்கைக் கண்டும் பயந்தறியாத ஒரு தலைமுறை வளர்ந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டன.

ஒரு மாதத்துக்கு மேலாகத் தர்மினி யாரையும் பாலையடிக்கு அனுப்பவில்லை. பாதை திருத்துகிறார்கள் என்று சொல்லிவந்தாள். பாதையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் ஒருநாள், பாலையடியில் ஜீப் ஓட்டும் லூர்து ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அவளுடைய மேசையில் வைத்தார். உள்ளே காய்ந்த சாணம். அதில் கறையான் இறகுகளும் வீரைப்பழக் கொட்டைகளும் கலந்திருந்தன.

"இது எங்க கிடந்தது, லூர்து அண்ணை?"

"குளக்கட்டில. ஒரு இடத்தில இல்லை மிஸ், நாலு இடத்தில. கறையான் தின்னிறது கரடிதான். மறுவுரு இப்பிடி ஒண்டும் செய்யாதே."

காட்டைக் கண்காணிக்கும் உணரிகள் மறுவுருக்கள் அனுப்பும் சைகைகளை மட்டும்தான் எண்ணும். வேறொன்று இருக்கக்கூடும் என்று இப்போது யாரும் நினைப்பதில்லை.

உயிருள்ள பெரிய விலங்கைக் கண்டால் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் உயிர்ப்பதிவகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். தர்மினி ஒருதரம் அறிவித்திருக்கிறாள். பதினொரு வருடத்துக்கு முன்னர், சேற்றில் தனியாக நின்ற ஒரு பெண் யானை. வந்தவர்கள் அதைப் பதிந்தெடுத்த பிறகு உறைகிடங்குக்குக் கொண்டுபோனார்கள். அது திரும்பி வரவில்லை. இன்று வெள்ளாற்றில் நாற்பது யானைகள் அதைப்போலவே இடது பின்காலைச் சற்று இழுத்தபடி நடக்கின்றன. அந்த வனத்துக்கு ஆட்களை அனுப்புவாளே தவிர, அவள் போவதில்லை.

டின்னை அவள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஆனி முதல் கிழமையில் யாழ்ப்பாணத்திலிருந்து சேந்தன் வந்தான். மனைவி ஆரணி, ஏழு வயது மகள் கயல் இருவரையும் கூட்டி வந்திருந்தான். கயலுக்குக் கரடிதான் வேண்டும்.

"பாதை திருத்துகினம். வெள்ளாறு நல்லா இருக்கும், யானையில ஏறலாம்," என்றாள் தர்மினி.

"அக்கா, நான் வரேக்க அந்தப் பாதையைப் பாத்துக்கொண்டுதான் வந்தனான். அங்க ஒருத்தரும் வேலை செய்யேல்லை," என்றான் சேந்தன். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அங்கேயே உட்கார்ந்து தலைமையகத்துக்கு முறைப்பாடு எழுதினான். மத்தியானத்துக்குள் பாலையடியைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

தர்மினி தானும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். வழியில் மூன்று தரம் சொன்னாள்: "இண்டைக்கு ஒருத்தரும் இறங்கக் கூடாது." ஏன் என்று ஆரணி கேட்டாள். தர்மினி லூர்துவை மெதுவாக ஓட்டச் சொன்னாள்.

பெரிய பாலைமரத்தின் கீழ் இரண்டு கரடிகள் இருந்தன. ஜீப் நின்றதும் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. மற்றது தின்றுகொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்தே அதுவும் தலையைத் தூக்கியது. அதன் மூக்கு ஈரமாக அசைந்தது. லூர்து இயந்திரத்தை அணைக்கவில்லை, தர்மினியைப் பார்த்தார்.

"அப்பா, அந்தக் கரடி சாப்பிடுது," என்றாள் கயல்.

"புதுசாச் செய்திருக்கினம் போல," என்றபடி சேந்தன் கதவைத் திறந்தான். தர்மினி அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே கையை விடுவித்து இறங்கினான். முதுகுப் பக்கமாகப் போய், மகளைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, தின்றுகொண்டிருந்த கரடியின் கழுத்தில் கையை வைத்தான்.

அது திரும்பியது ஒருவருக்கும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. லூர்து ஹோர்னை அழுத்தியபடி ஜீப்பை அவனுக்கும் கரடிக்கும் நடுவே விட்டார். சேந்தனைத் தூக்கி உள்ளே போட்டபோது அவனுடைய வலது கை தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்திருந்தது. மற்றக் கரடி, செய்து வைத்திருந்தபடியே, மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எவரும் வேறு எதையும் கேட்கவில்லை. பழுதான மறுவுரு என்றே எழுதினார்கள். நாலாம் நாள், விபத்துப் படிவத்தில் கையொப்பம் வாங்கத் தர்மினி போனாள். சேந்தன் கட்டிலில் சாய்ந்திருந்தான்.

"அதின்ர வாய் நாறினது," என்றான். "சூடான மூச்சு. அது உயிரோட இருக்கிறதுதானே?"

"ஓம்."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும்."

அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தெரிஞ்சுகொண்டு என்ர பிள்ளையையும் கொண்டுபோனீங்கள். உண்மையைச் சொல்லியிருந்தா நான் இறங்கியிருப்பனோ?"

"சொல்லியிருக்க வேணும். என்ர பிழைதான். சொன்னா அதைக் கொண்டுபோயிடுவினம்." யானையின் கதையை அவள் சொன்னாள். பின்காலை இழுக்கும் நாற்பது யானைகளைப் பற்றியும் சொன்னாள். எங்கும் நிறுத்தாமல், தன்னை நியாயப்படுத்தாமல் சொன்னாள்.

"கயல் இப்ப பக்கத்து வீட்டு நாயைக் கண்டாலும் ஆரணிக்குப் பின்னால ஒளியிறாள்," என்றான் சேந்தன். "என்னெண்டு ஆறுதல் சொல்றதெண்டு எங்களுக்குத் தெரியேல்லை. எங்களுக்கே அப்பிடி ஒண்டு நடந்ததில்லை." பிறகு படிவத்தை வாங்கினான். பழுதான மறுவுரு என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே, பழக்கமில்லாத இடது கையால், கோணலாகக் கையொப்பம் வைத்தான். "உங்களுக்காக இல்லை," என்றான்.

தீவிலுள்ள எல்லாக் கரடி மறுவுருக்களையும் திருப்பி எடுக்கச் சொல்லி அடுத்த கிழமை உத்தரவு வந்தது. பாலையடியில் ஐந்து இருந்தன. லொறி பத்தரைக்கு வரும். அதற்கு முன் அவற்றை வாசலுக்கு அழைத்து நிறுத்த வேண்டும். பத்து மணிக்குத் தர்மினி அழைப்புச் சைகையை அனுப்பினாள்.

காட்டுக்குள்ளிருந்து அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காலடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தன. ஐந்தும் வேலியோரம் வரிசையாக நின்று தலையைத் தாழ்த்தி அணைந்தன.

"மிஸ்," என்றார் லூர்து மெதுவாக.

வரிசைக்குப் பின்னால் இன்னொன்று வந்துகொண்டிருந்தது. அதன் நடை ஒழுங்காக இல்லை. இடையிடையே நின்று மண்ணை முகர்ந்தது. வந்து, ஐந்தாவது கரடியின் பக்கத்தில், அதே இடைவெளி விட்டு நின்றது. அணைந்துபோன கரடியின் காதை மூக்கால் தள்ளிப் பார்த்தது. மறுபடியும் தள்ளியது. பிறகு அதுவும் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது.

தர்மினிக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கோ தப்பிப் பிறந்து, தாய் செத்த பிறகு, இவற்றைத்தான் தன் இனமென்று நினைத்து இவற்றின் பின்னால் நடந்தே அது வளர்ந்திருக்கிறது.

தூரத்தில் லொறியின் சத்தம் கேட்டது.

"போ," என்றாள். அது அசையவில்லை. கைதட்டினாள். லூர்து ஹோர்னை அடித்தார். அது பொறுமையாக நின்றது. தர்மினி குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். எந்த உயிர்மீதும் அவள் கல் எறிந்ததில்லை. முதல் கல் புழுதியில் விழுந்தது. இரண்டாவது முதுகில் பட்டது. அது பக்கத்திலிருந்த கரடியோடு இன்னும் நெருங்கி நின்றது. மூன்றாவது கண்ணுக்குக் கீழே பட்டது. அது கத்தியது. லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் அழுதுகொண்டே எறிந்தாள். ஒரு தடியை எடுத்து, பலமாகச் சத்தமிட்டபடி அதை நோக்கி ஓடினாள். அது இரண்டு காலில் எழுந்து நின்றது. அது பாய்ந்திருந்தால் அவள் செத்திருப்பாள். ஆனால் அது அவளைப் பார்த்தது, வரிசையைப் பார்த்தது, பிறகு இறங்கி மரங்களுக்குள் ஓடியது.

லொறி வந்தது. ஏற்றுபவனுக்கு முப்பது வயதிருக்கும். ஐந்தையும் ஏற்றிப் பின்கதவைச் சாத்தும் நேரத்தில், காட்டுக்குள்ளிருந்து அந்தக் கரடியின் குரல் வந்தது. நீளமாக, நடுவில் உடைந்து, பதிலுக்கு இடம் விட்டு, மறுபடியும் வந்தது.

"ஒண்டு அணையேல்லைப் போல," என்று அவன் மறுபடி ஏறி, ஐந்தின் கழுத்தையும் தொட்டுப் பார்த்தான். ஐந்தும் குளிர்ந்து கிடந்தன. அவன் இறங்கித் தன் கையைப் பார்த்தான். மயிரெல்லாம் எழுந்து நின்றது. மற்றக் கையால் அதைத் தடவி, வியப்போடு தர்மினியிடம் காட்டினான்.

"இது என்ன மிஸ், எனக்கு இப்பிடிச் செய்யுது?"

"லொறிக்குள்ள ஏறுங்கோ," என்றாள் தர்மினி. "கண்ணாடியை ஏத்திக்கொண்டு போங்கோ."