இருநூற்றில் முப்பத்தொன்று

புகார் கொடுத்தவள் அந்த வீட்டு மருமகள். ஒரு மருத்துவமனைக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தே கணினி வழியாக எடுப்பது அவள் வேலை. இரண்டு வாரமாகப் பேச்சின் நடுவே சொற்கள் காணாமல் போயின. டாக்டர் வரும் நேரம் கேட்ட நோயாளிக்கு ‘நாளை’ மட்டும் கேட்டது, மணி கேட்கவில்லை. இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. இன்று மூன்று மணிக்கு மேற்பார்வையாளர் கூடவே இருந்து கேட்பார். இன்னொரு சொல் தொலைந்தால் வேலையும் தொலையும்.

இணைய நிறுவனத்திலிருந்து முன்பு வந்த இரண்டு பழுதுபார்ப்பவர்களும் எல்லாம் சரி என்று எழுதிக்கொடுத்துப் போனார்கள். மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு அலுவலகத்தில் எறும்பு என்று பெயர். கம்பியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஊர்ந்து பார்க்காமல் விடமாட்டாள். கூட வந்த வேன் ஓட்டுநருக்கு வண்டியைவிடக் குற்றவாளிகள்மேல் அக்கறை அதிகம்.

மருமகள் கொழுந்தனைக் கைகாட்டினாள். ஓயாமல் பந்தாட்டம் பார்த்து இணைப்பைத் தின்கிறான் என்று அவள் வைஃபை கடவுச்சொல்லை மாற்றி ஒன்பது நாள் ஆகிறது. இருவருக்கும் பேச்சும் நின்றுவிட்டது.

“கடவுச்சொல்லை எப்படியோ கண்டுபிடிச்சிருப்பான் மேடம். முழியே சரியில்ல,” என்று ஓட்டுநர் கிசுகிசுத்தார்.

எறும்பு கம்பியைத் தேடிக் குனிந்தாள். கூடத்தில் இருந்த ரவுட்டர் பெட்டியிலிருந்து ஒரு கம்பி சுவரோரமாக வந்து, அறைக்கதவின் அடியில் நுழைந்து, கணினிக்குப் போனது. எறும்பு அந்தக் கணினியிலிருந்து பெட்டிக்கு இருநூறு சோதனைப் பொட்டலங்கள் அனுப்பினாள். இணையம் நம் பேச்சைப் பொட்டலம் பொட்டலமாக நறுக்கித்தான் அனுப்புகிறது. பொட்டலம் தொலைந்தால் சொல் தொலையும். இருநூறும் திரும்பி வந்தன.

திறந்த கதவருகே குடும்பமே நின்று பார்த்தது. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மாமனார் கையில் ஒரு மரக்கட்டை இருந்தது.

“நீங்க பேசுறப்ப வீடு எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கட்டும்,” என்றாள் எறும்பு.

எல்லோரும் வெளியேறினார்கள். கதவு சாத்தப்பட்டது. வெளியே ‘டொக்’ என்று ஒரு சத்தம். உள்ளே இருந்த எறும்பு மறுபடி இருநூறு அனுப்பினாள். முப்பத்தொன்று திரும்பவில்லை.

பிறகு எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தாள்.

“நேத்துப் பதினோரு மணிக்குப் பேச்சு அறுந்திருக்கு. அப்ப தம்பி எங்க?”

பட்டறையில் இருந்ததாகக் கொழுந்தன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

“அப்ப அவர் இல்ல. தொலைஞ்சது தெருவுலயும் இல்ல. அறைக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவுல, இந்தப் பத்தடியிலதான். அதுவும் கதவு சாத்தினா மட்டும். எங்க ஆளுங்க வந்தப்ப எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கதவைத் திறந்து வச்சிருக்கீங்க. அதான் ரெண்டு பேருக்கும் அகப்படல.”

கதவுக்கடியில் கம்பி நசுங்கிய இடத்தைக் காட்டினாள். அதன்மேல் கட்டையின் மரத்தூள் ஒட்டியிருந்தது. அழுத்தினால் உள்ளே இருக்கும் இழைகள் விலகும். எடுத்தால் மறுபடி தொடும்.

மாமனார் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருடமாக, நிறுத்திய வண்டியின் சக்கரத்துக்கெல்லாம் கட்டை வைத்தவர். “காத்துக்குக் கதவு தடதடன்னு ஆடும். அந்தச் சத்தத்துல மருமக வேலை கெட்டுடக் கூடாதேன்னுதாம்மா வச்சேன்.”

“ஆடுறதுக்குக் கட்டை வைக்காம வேற என்ன வைக்கிறது?” என்றார் ஓட்டுநர், சட்டென்று கட்சி மாறி.

எறும்பு புதுக் கம்பியைக் கதவு நிலைக்கு மேலே துளைபோட்டு இழுத்து முடித்தபோது மணி இரண்டே முக்கால். மாமனார் தயங்கி நின்றார்.

“வைங்க மாமா. இல்லன்னா கதவு ஆடும்,” என்று சொல்லிவிட்டு மருமகள் உள்ளே போனாள்.

டொக்.

மூன்றே காலுக்குக் கதவின் அடியில் ஒரு துண்டுச்சீட்டு வெளியே வந்தது. கொழுந்தன் குனிந்து எடுத்தான். ‘வேலை தொலையவில்லை’ என்று முதல் வரி. இரண்டாவது வரியில் கடவுச்சொல்.