நல்ல ஏணி

"அப்பா, தலைவலின்னா சிரிப்பா?"

"இல்லையே. ஏன் கேக்குற?"

"இப்ப நீங்க மேனேஜர் மாமாகிட்ட தலை வலிக்குதுன்னு சொன்னீங்க. அவர் விழுந்து விழுந்து சிரிச்சாரே."

அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

இந்தப் பேச்சு நடந்தது, அவர்கள் பெரிய வீட்டுக்குக் குடிவந்த புதிதில். அன்றிலிருந்து யார் சிரித்தாலும் மிளகுக்குச் சந்தேகம்தான்.

மிளகு என்பது அவளுடைய செல்லப் பெயர். ஆள் சிறிசு, காரம் பெரிசு என்று அம்மா வைத்தது.

அவளுடைய அப்பா நகைச்சுவை நடிகர். முதலில் மேடையில் ஓர் ஏணியிலிருந்து தொப்பென்று விழுந்து காட்டினார். கூட்டம் சிரித்தது. பிறகு சினிமாவிலும் விழுந்தார். விழ விழ உயர்ந்தார். வாடகை அறை போய்ச் சொந்த வீடு வந்தது. ஓட்டை ஸ்கூட்டர் போய்க் கார் வந்தது. இப்போது படங்களை அவரே இயக்குகிறார். எந்தப் படமானாலும் அதில் ஓர் ஏணிக் காட்சி இருக்கும். கேட்டால், "ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கக் கூடாது" என்பார்.

மிளகு சிரிப்பை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒன்று வயிற்றுச் சிரிப்பு. வயிறு குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும், நிறுத்தப் பார்த்தாலும் நிற்காது. இன்னொன்று பல் சிரிப்பு. அதில் பல்லைத் தவிர வேறு எதுவும் அசையாது. அப்பாவின் வேலைகளைக் கவனிக்கும் மேனேஜர் மாமாவுக்கு எப்போதும் முப்பத்திரண்டும் தெரியும்.

புதிய படம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் திரைக்கு வருகிறது. இதுவரை சம்பாதித்ததையெல்லாம் அப்பா அதில்தான் போட்டிருந்தார். படம் ஓடாவிட்டால் மறுபடியும் வாடகை அறைதான் என்று அம்மா பெரியம்மாவிடம் போனில் சொன்னது மிளகின் காதில் விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் படம் பார்க்கும் அறையில் அப்பா எல்லோருக்கும் படத்தைப் போட்டுக் காட்டினார். மேனேஜர் மாமா, படத்தை வெட்டி ஒட்டும் எடிட்டர் அக்கா, கூட வேலை செய்த நாலைந்து பேர். மிளகு திரைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"கண்ணு, படம் அந்தப் பக்கம் ஓடுது" என்றார் மேனேஜர் மாமா.

"தெரியும் மாமா. நான் இந்தப் பக்கம் ஓடுற படத்தைப் பாக்குறேன்."

ஏணிக் காட்சி வந்தது. மேனேஜர் மாமா குனிந்து போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். படித்தபடியே முழங்கையால் பக்கத்தில் இருந்தவரை இடித்தார். இடி வாங்கியவர் சிரித்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் சிரித்தார். ஏணி விழுவதற்கு முன்பே சிரிப்பு விழுந்துவிட்டது.

எடிட்டர் அக்கா மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். விளக்குகள் எரிந்ததும் எழுந்து நின்றாள்.

"சார், அந்த ஏணி..."

"என்னம்மா ஏணிக்கு?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்ல ஏணி சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இது முதல் தடவை இல்லை. போன வாரம் மாடிப்படியிலும் இப்படித்தான். ஆரம்பிப்பாள், விழுங்குவாள், ஏணியைப் பாராட்டிவிட்டுப் போய்விடுவாள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து அப்பாவை ஏமாற்றுகிறார்கள், இதற்குத் தலைவியே இந்த அக்காதான் என்று மிளகு முடிவு செய்தாள். நேராக மாடியிலிருந்த எடிட்டிங் அறைக்குப் போய்க் கேட்டும் விட்டாள்.

எடிட்டர் அக்கா கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். ஏணிக் காட்சி ரொம்ப நீளம், பழசு, அங்கே படம் படுத்துவிடுகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது?

"அது வெறும் ஏணி இல்ல மிளகு. இந்த வீடு, எங்க வேலை, எல்லாம் அதுல ஏறி வந்ததுதான். அதை வேண்டாம்னு சொன்னா உங்கப்பா மனசு ஒடிஞ்சு போயிடும்."

சொல்லிக்கொண்டே அந்தக் காட்சியைக் கணினியில் ஓட்டினாள். ஏணி சரிந்தது. அப்பா விழுந்தார். காட்சி முடிந்து திரை கறுப்பானது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. விழுந்த முன்பல்லின் ஓட்டை உட்பட எல்லாப் பற்களும் தெரிந்தன. வயிறு அசையவே இல்லை.

அது மிளகின் முகம்.

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். தானும் இந்தக் கூட்டத்தில் ஒருத்திதானா? தான் அப்பாவை ஏமாற்ற நினைக்கவில்லையே. அவர் வாடிவிடக் கூடாது என்றுதானே ஒவ்வொரு ஏணிக்கும் சிரித்துப் பழகினாள்? அப்படியானால் மற்றவர்களும் அப்படித்தானோ?

அவள் கூடத்துக்கு வந்தாள். எடிட்டர் அக்காவும் பின்னாலேயே வந்து ஓரமாக நின்றாள். ஏணி எப்படி, ஏணி எப்படி என்று அப்பா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். பதிலாகப் பல்லுக்கு மேல் பல். ஆனால் அப்பாவின் கண்களும் ஒவ்வொரு முகமாகத் துருவிக்கொண்டிருந்ததை மிளகு அப்போதுதான் கவனித்தாள். அப்பாவுக்கும் சந்தேகம்.

மிளகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இந்தப் படத்துல மழைல உங்க குடையை நாய்க்குப் பிடிச்சுக்கிட்டு நீங்க நனைஞ்சுக்கிட்டே போவீங்கள்ல? அந்த நாய் உங்களை விட்டுட்டு வேற குடைக்குப் போயிடுமே? அதை முதல் தடவை பாத்தப்ப எனக்கு வயித்து வலியே வந்துடுச்சு."

"சரி. ஏணி?"

"ஏணிக்குப் பல்லுதான்பா தெரிஞ்சுது. எனக்கும்தான்."

மேனேஜர் மாமா சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அப்பா நெற்றியைத் தேய்த்தார். "ஏறி வந்த ஏணிம்மா அது. எட்டி உதைக்கச் சொல்றியா?"

"உதைக்க வேணாம்பா. நீங்கதான் மேல வந்துட்டீங்களே. சுவரோரமா பத்திரமா சாத்தி வச்சுடலாம். பாவம், அதுவும் எத்தனை படத்துல விழும்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய சட்டைப் பொத்தான்கள் ஆடின. அப்புறம் வயிறு. அப்புறம் தோள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், ஓரத்தில் நின்றவளைப் பார்த்தார்.

"நீ என்னம்மா சொல்ல வந்தே?"

மிளகுக்கு இந்தப் பக்கம் இருந்த மேனேஜர் மாமாவின் முழங்கை மெல்ல எழுந்தது. மிளகு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எடிட்டர் அக்கா எச்சிலை விழுங்கினாள். இந்தத் தடவை வார்த்தையை விழுங்கவில்லை.

"சார், அந்த ஏணிக் காட்சியை எடுத்துடலாமா?"