நீல அமிலத்தின் நிறம்

பதினொரு மணிக்கு லோரன்ட்ஸைக் கோர்ட்டுக்குக் குதிரை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பத்தேகாலுக்கு அவன் மனைவி வால்புர்கா ஹாலே நகரப் போலீஸ் அலுவலகத்தில் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“மருந்துக்கடை முதலாளிக்கு என் வீட்டுக்காரர் விஷம் வைக்கலீங்க ஐயா! பன்னெண்டு வருஷமா அந்தக் கடையில மருந்து கலக்குறவர். தலையை எடுத்துடுவாங்களே!”

இன்ஸ்பெக்டர் ப்ரோட் ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டிருந்தார். ஓரம்வரை தடவி முடிக்காமல் அவர் வாய் திறப்பதில்லை. கான்ஸ்டபிள் கூனோ ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்ததில் தரைப்பலகை மெருகேறிக்கொண்டிருந்தது.

“ஐயா, மணி பத்தரை!”

“தெரியுது. சாட்சியைக் கூப்பிடு.”

சாட்சி டெட்லெஃப், செத்தவரின் அக்கா மகன். தொப்பி வியாபாரி, இனி மருந்துக்கடையும் அவருக்குத்தான். புதன்கிழமை, பிணம் ஆறுவதற்குள் வாக்குமூலம் கொடுத்த சுறுசுறுப்புக்காரர்.

“என்ன பார்த்தீங்க?”

“அன்னிக்கு எழுதிக் கொடுத்ததுதான் சார். கதவிடுக்கு வழியா பார்த்தேன். லோரன்ட்ஸ் பய கண்ணாடி டம்ளர்ல இருந்து மாமா காபியில ஊத்தினான். பளிச்சுனு நீலம். என் கடை வெல்வெட் மாதிரி.”

கூனோ சோர்ந்துபோனான். “டாக்டரும் வியாழக்கிழமை அறிக்கையில ‘பிளவ்ஸாய்ரெ’னுதான் எழுதியிருக்கார். நீல அமிலம். பொருந்துதே ஐயா!”

“அதான்டா இடிக்குது. அது பார்க்கத் தண்ணி மாதிரி இருக்கும்.”

“அப்புறம் ஏன் அந்தப் பேரு?”

“பெர்லின் நீலம்னு ஒரு சாயம். முதல்ல அதைக் காய்ச்சித்தான் எடுத்தாங்க. பேரை மட்டும் கொண்டுவந்துச்சு. நிறத்தைப் பொறந்த வீட்டுலயே விட்டுட்டுது.”

டெட்லெஃப் சிரிக்க முயன்றார். “சரி, கண்ணு ஏமாத்திருச்சுனு வைங்க.”

“கண்ணுக்கு அந்தப் பேரு எப்படித் தெரியும்? என்ன விஷம்னு டாக்டர் சொன்னது வியாழக்கிழமை. நீங்க நீலத்தைப் பார்த்தது புதன்கிழமை.”

“நான் ஊத்தியிருந்தா நிறம் தெரியாமலா போகும்?”

ப்ரோட் மேசையில் ஒரு குப்பியை வைத்தார். கடையில் கிடைத்தது. அடர்ந்த பழுப்புக் கண்ணாடி.

“இதிலிருந்து நேரா கறுப்புக் காபியில ஊத்தினா தெரியாது. லேபிள்ல ‘நீல அமிலம்’னு இருக்கிறதைத்தான் படிக்கலாம். தினம் அளந்து ஊத்துற லோரன்ட்ஸ் ஒருநாளும் நீலத்தைப் பார்த்திருக்க மாட்டான்.”

டெட்லெஃபின் கையில் தொப்பி ஒரு சுற்று சுற்றி நின்றது. கூனோ படிக்கட்டில் பாய்ந்தான்.

வண்டி பதினொன்றுக்கே கிளம்பியது. லோரன்ட்ஸ் இறங்கிய இடத்தில் டெட்லெஃப் உட்கார்ந்திருந்தார். வாசலில் வால்புர்கா புருஷனின் சட்டையைப் பிடித்த பிடி விடவில்லை.

“காபி வாங்கி வரட்டுமா ஐயா?” என்றான் கூனோ.

ப்ரோட் கொஞ்சம் யோசித்தார்.

“பால் ஊத்தி வாங்கிட்டு வா.”